இடியன் துவக்கும் இன்லைன் துவக்கும்

தம்பி, கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து இரண்டு வருடம், வேலை இடத்து நண்பர் டிசம்பரில் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார், மசில்லோடருக்கு (குழல் வாய்வழியாக மருந்து இடிக்கும் துவக்கு) பாரமான சன்னம், அதாவது குண்டு, வாங்குவதா இலேசானதா என்று கேட்டிருந்தீர்கள். "ஊரில் இடியன் துவக்கு பார்த்திருக்கிறேன், அதுதானே இது" என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைசி வசனம்தான் என்னை உடனே எழுத வைத்தது.

நானும் வன்னிதான். இங்கே பதினான்கு வருடமாக வேட்டைக்குப் போகிறேன். வாய்வழியாக வெடிமருந்தைக் கொட்டி இடிப்பது மட்டும்தான் இரண்டுக்கும் பொது. இடியனுக்கு மருந்து கைக்கணக்கு. ஈயத்துண்டு கிடைத்தபடி போகும். இங்கே போவது ஒற்றைச் சன்னம், குழலுக்குள் புரி, அதாவது சன்னத்தைச் சுழற்றும் சுருள் கோடு, வெட்டியிருக்கும். எந்தச் சன்னம் சரி என்பதை அந்தப் புரிதான் சொல்லும்.

முதலில் பேப்பர் வேலை. இன்லைன் மசில்லோடருக்கு (தீப்பொறி மருந்துக்கு நேர் பின்னாலிருந்து வரும் புதுப் பாணி) துவக்கு லைசென்ஸ் கட்டாயம். பாதுகாப்பு வகுப்பையும் வேட்டை வகுப்பையும் சேர்த்தே எடுக்கலாம். முதல் தடவை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. ஆகவே டிசம்பருக்கு நவம்பரில் ஓடாதீர்கள். அவுட்டோர்ஸ் கார்ட் என்கிற வேட்டைக்காரர் அட்டை, மான் லைசென்ஸ், ஒரு மானுக்கான டேக் என்கிற அனுமதிச் சீட்டு, செம்மஞ்சள் மேலுடுப்பு, தொப்பி எல்லாம் இருக்க வேண்டும். மான் கிடைக்காவிட்டாலும் சீசன் முடிய அறிக்கை கொடுக்க வேண்டும்.

இனிச் சன்னம். கடையில் அதிகம் விற்கும் .50 இன்லைன் துவக்குகளில் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்றுப் புரி. இதற்கு நீளமான சன்னம்தான் பொருந்தும். சேபோ என்கிற பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் இருக்கும் 250 கிரெய்ன் சன்னத்தில் தொடங்குங்கள். ஏறக்குறைய 16 கிராம். நண்பருடைய துவக்கு பழைய பாணியில் 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் கதை வேறு. அதற்கு எண்ணெய்த் துணி சுற்றிய ஈய உருண்டை. உருண்டை வேகத்தைச் சீக்கிரம் இழக்கும், 75 யார் (கெஜம்) தூரத்துக்கு மேல் நான் வெடி வைக்க மாட்டேன்.

பாரம் எவ்வளவு என்பதைவிட, மானில் பட்ட இடத்தில் சன்னம் விரிகிறதா என்பதுதான் கேள்வி. சாதாரண ரைபிள் சன்னம் விநாடிக்கு 2,800 அடி வேகத்தில் போகும். மசில்லோடரில் 100 கிரெய்ன் மருந்துக்குக் குழல் வாயில் 1,800 அடி அளவு, 100 யாரில் 1,400க்குக் கிட்ட. இந்த மெதுவான வேகத்திலும் விரியும்படி செய்த சன்னம் வேண்டும்.

இதை நான் படித்த விதம் சொல்கிறேன். இரண்டாவது வருடம், பாரமாக இருந்தால் நல்லது என்று நினைத்து 300 கிரெய்னில் ஒரு கடினமான சன்னம் வாங்கினேன். மருந்தையும் குறைத்தே போட்டேன். 110 யாரில் ஒரு பெட்டை மான். வெடி நல்ல இடத்தில்தான் பட்டது, ஆனால் பனியில் நாலைந்து துளி இரத்தம்தான். அந்தி வரை தேடினோம். மறுநாள் காலை சீடர் மரச் சதுப்புக்குள் கண்டெடுத்தபோது பாதியைக் கயோட்டி என்கிற காட்டு நரி போன்ற மிருகம் தின்றுவிட்டிருந்தது. போன ஓட்டையும் வந்த ஓட்டையும் பென்சில் அளவு. சன்னம் விரியவே இல்லை. ஒரு உயிர் இரவு முழுக்க அப்படிக் கிடந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நுனியில் குழியுள்ள செப்புச் சன்னம்தான் பாவிக்கிறேன். அகல விரியும், மறுபக்கமும் துளைத்து வெளியே போகும். இரண்டு ஓட்டை இருந்தால் இரத்தத் தடம் தெரியும். ஈயச் சன்னம் உடைந்தால் பொடி இறைச்சிக்குள் பரவும். எங்கள் வீட்டில் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள்.

இரண்டு மூன்று வகை வாங்கி மைதானத்தில் சுட்டுப் பாருங்கள். ஒரு துவக்குக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஈரத்துணியால் குழலைத் துடையுங்கள். சன்னம் மருந்தில் அழுந்த உட்கார வேண்டும், இடைவெளி விட்டால் குழல் வெடிக்கலாம். சரியாக உட்கார்ந்ததும் திணிகோலில் வாய்மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். ரைபிள் தோட்டாவுக்குள் போடும் புகையில்லா மருந்தை ஒருநாளும் ஊற்ற வேண்டாம், ஆளையே கொல்லும்.

காட்டில் வெடி வைத்தவுடன் புகை எல்லாவற்றையும் மறைக்கும். குந்தி, புகைக்குக் கீழால் மான் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். அரை மணித்தியாலம் அசையாதீர்கள். நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல், பக்கத்தில்தான் விழுந்திருக்கும். பச்சை நிறம், நாற்றம் என்றால் குடல், பல மணித்தியாலம் பொறுக்க வேண்டும்.

அன்றிரவே, எவ்வளவு களைப்பென்றாலும், சுடுதண்ணியும் சவர்க்காரமும் விட்டுக் குழலைக் கழுவி எண்ணெய் பூசுங்கள். கறுப்பு மருந்தோ, அதற்குப் பதிலாகப் போடும் பைரோடெக்ஸோ, அதன் கரி ஈரத்தை இழுத்து இரும்பை அரித்துவிடும்.

இறைச்சியைச் சொந்தக்காரருக்குக் கொடுக்கலாம், விற்க முடியாது. காசு தருகிறோம் என்று கேட்பார்கள், வாங்காதீர்கள், அது குற்றம்.

கடைக்குப் போக முன் நண்பருடைய துவக்குக் குழலில் பொறித்திருக்கும் புரி எண்ணைப் பார்த்து எழுதுங்கள். எந்தச் சன்னம் என்று அப்போது சொல்கிறேன்.