ஆஸ்டியோபதி: கேளுங்கள், சொல்கிறேன்

லண்டனில் 11 வருடமாக ஆஸ்டியோபதி, அதாவது தசையையும் மூட்டையும் கையால் அழுத்தி, அசைத்துச் செய்யும் சிகிச்சை, பார்க்கிறேன். மதியம் கொஞ்சம் ஓய்வு, கேளுங்கள்.

கே: அக்கா, இது எலும்பு வைத்தியமா?

ப: பெயர்தான் அப்படி. தோள் வலி என்று வந்தால், மூச்சு விடும்போது விலா எலும்பு எப்படி அசைகிறது, எப்படி உட்கார்ந்து வேலை பார்க்கிறார், தூங்குகிறாரா என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் கை வைப்பேன். ஆரம்பித்தவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர். 1864இல் மூளைக்காய்ச்சலுக்கு மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தார். பாதரசத்தையே மருந்தாகக் கொடுத்த காலம் அது. மருந்து மேல் வெறுப்பே வந்துவிட்டது. 1892இல் மிசௌரி மாநிலம் கிர்க்ஸ்வில்லில் பள்ளி தொடங்கினார். ஆனால் கையாலேயே எல்லா நோயையும் விரட்டலாம் என்று அவர் நம்பிய அளவுக்கு நான் நம்பமாட்டேன்.

கே: நீங்கள் டாக்டரா?

ப: இல்லை. அமெரிக்காவில் டி.ஓ. என்ற ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் பெற்றவர் முழு மருத்துவர், அறுவை சிகிச்சைகூடச் செய்வார். பிரிட்டனில் எங்களுக்குக் கைதான் கருவி. 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்யாதவர் ஆஸ்டியோபத் என்று பெயர் போட்டுக்கொள்ளக்கூடாது.

கே: நெட்டி முறியும் சத்தம், விலகிய எலும்பு இடத்தில் உட்காருவதுதானே?

ப: இல்லை. மூட்டுத் திரவத்தில் அழுத்தம் குறைந்து வாயுக்குமிழ் உண்டாகும் சத்தம்.

கே: சலூன்காரர் கழுத்தைத் திருகினால் உடனே லேசாகிறதே?

ப: கொஞ்ச நேரம் லேசாகத்தான் இருக்கும். எலும்பு நிஜமாகவே விலகியிருந்தால் சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். கழுத்தெலும்புகளின் துளை வழியாக மூளைக்கு ஒரு தமனி போகிறது. சடாரென்று திருகினால் அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான். அதற்காகவே நான்கூடக் கழுத்தில் அந்த வேலையைக் குறைத்துக்கொண்டேன்.

கே: சத்தம் வரவில்லை என்றால் பலன் இல்லையா?

ப: அப்படியில்லை. முன்பே சொன்னேனே, அது வெறும் வாயுக்குமிழ்ச் சத்தம்.

கே: கைக்குழந்தை ஓயாமல் அழுகிறது. தலையை மெல்லத் தொடும் சிகிச்சை உதவுமா?

ப: ஸ்டில்லின் மாணவர் சதர்லண்ட் கொண்டுவந்தது. மண்டையோட்டின் தாளத்தை விரலில் உணர்வதாகச் சொல்வார்கள். என் விரலுக்கு அது எட்டியதே இல்லை, நல்ல ஆதாரமும் இல்லை. குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

கே: வர்மமும் இதுவும் ஒன்றா?

ப: வேறு மரபு. வர்ம ஆசானைக் கேளுங்கள்.

கே: இடுப்பு வலி. இரண்டு நாளாகச் சிறுநீர் சரியாகப் போகவில்லை, தொடையிடுக்கு மரத்திருக்கிறது. எத்தனை தடவை வரவேண்டும்?

ப: வரவே வேண்டாம். இப்போதே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். தண்டுவடத்தின் அடி நரம்புகள் நசுங்கியிருக்கலாம். நாளை காலை வரை தள்ளிப்போடாதீர்கள்.

கே: அக்கா, சலூனில் மெதுவாகத் திருகச் சொன்னால்?

ப: முடியை மட்டும் வெட்டச் சொல்லுங்கள்.