குஞ்சுலயே பெட்டை எது சேவல் எதுன்னு தெரியுமா?

கேள்வி: அண்ணே, தை மாசம் வண்டில கொண்டுவந்தவர்கிட்ட பத்து நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்குனேன், அம்புட்டும் பெட்டைன்னு சொல்லித்தான் குடுத்தாரு. இப்ப பாத்தா ஏழு சேவலு, விடியுறதுக்குள்ள கூவி தெருவையே எழுப்புது. முட்டைக்குன்னு ஆசையா வாங்குனது அண்ணே. குஞ்சுலயே எப்படிக் கண்டுபிடிக்கிறது? கூர் முட்டைய அடை வச்சா சேவல், உருண்டை முட்டைன்னா பெட்டைங்குறாங்க எங்க மாமியா, நெசமா?
- வாசகி, மேலூர் பக்கம்

பதில்: தங்கச்சி, நாட்டுக்குஞ்ச கையில வச்சுக்கிட்டு பெட்டைன்னு சத்தியம் பண்றவங்கள நம்பாதீங்க, அவருக்கே தெரிஞ்சிருக்காது. பொரிக்கிறது பாதிக்குப் பாதிதான், காசு சுண்டுற மாதிரி, பத்துல ஏழு ஒரு பக்கம் விழுறதும் உண்டு.

பொரிச்ச ஒரு நாளுக்குள்ள ஆசனவாய பிதுக்கி குண்டூசித் தலை மாதிரி ஒரு மேட்டப் பாத்து சொல்ற முறை ஒண்ணு இருக்கு, 1920கள்ல ஜப்பான்ல கண்டுபிடிச்சது, அதுக்குன்னே ரொம்ப நாள் பழகுனவங்க பெரிய பொரிப்பகங்கள்ல செய்றாங்க. நீங்க வீட்ல செஞ்சு பாக்கவே கூடாது, வயித்துக்குள்ள மஞ்சக்கரு இன்னும் கரையாம இருக்கும், அழுத்துனா உடைஞ்சு குஞ்சு செத்துரும். றெக்கை நீளத்த வச்சு சொல்றதும் நெசந்தான், ஆனா அதுக்குன்னே தாய் தகப்பன் வகைய பாத்து சேத்த பண்ணைக்குஞ்சுக்கு மட்டுந்தான் அது சரிவரும். தெருவுல மேயுற நம்ம கோழிக்கு ஆகாது. காலப் பிடிச்சு தலைகீழா தூக்கிப் பாக்குறதெல்லாம் பாவம், குஞ்ச வதைக்கிறதுதான் மிச்சம்.

மாமியா சொன்னதுக்கு வர்றேன். மனுஷங்கள்ல ஆணா பொண்ணாங்குறது அப்பா வழியில முடிவாகுது, கோழில அப்படியே மாறி பெட்டை வழியிலதான். அதுவும் மஞ்சக்கரு சினைப்பையில இருந்து எறங்குற நேரத்துலயே முடிவாயிரும், வெள்ளக்கருவும் ஓடும் அதுக்கப்புறந்தான் சுத்தி மூடுது, பெறகு ஓட்டோட வடிவத்த வச்சு என்னத்த சொல்றது? அவங்ககிட்ட பதமா எடுத்துச் சொல்லுங்க, அடை வைக்கிற பக்குவம் அவங்களுக்குத்தான் தெரியும்.

அஞ்சாறு வாரம் பொறுத்தீங்கன்னா சேவலுக்கு கொண்டை பெருசாகி செவக்க ஆரம்பிக்கும், காலும் தடியா இருக்கும். பெருவெடையா (உடம்பு பெருசா வளர்ற நாட்டுக்கோழி வகை) இருந்தா கொண்டைய நம்ப வேணாம், அதுக்கு சேவலுக்குமே சின்னதாத்தான் வரும். அதுக்கு பத்துப் பன்னெண்டு வாரத்துல வாலுக்கு முன்னாடி முதுகுல பாருங்க, இறகு கூரா மினுமினுன்னு தொங்குனா சேவல், நுனி வட்டமா இருந்தா பெட்டை. எங்க வீட்டுப் பஞ்சாரத்துல கொண்டைய வச்சு ரெண்ட தப்பா சொல்லியிருக்கேன், இந்த இறகு இதுவரைக்கும் ஏமாத்துனதில்ல.

அதனால முட்டைதான் வேணும்னா குஞ்சு வாங்காதீங்க, மூணு மாசத்து வெடைக்கோழியா (இன்னும் முட்டை வைக்காத எளம்பெட்டை) சந்தையில கையில எடுத்து இறக பாத்து வாங்குங்க, வெலை கூடத்தான், ஆனா தீனி போட்டு ஏமாற வேண்டியதில்ல. இப்ப இருக்குற ஏழுல நல்லா வளந்த ஒண்ண மட்டும் வச்சுக்கங்க, குஞ்சு பொரிக்க வைக்கணும்னாத்தான் அதுவும் தேவை, வெறும் முட்டைக்கு சேவலே வேணாம். மிச்சத்த கறிக்கு குடுத்துருங்க, ஒண்ணா விட்டா கொத்திக்கிட்டு அந்த மூணு பெட்டையையும் படுத்தி எடுத்துரும்.

இன்னொண்ணு, திருவிழாவுல பச்ச ரோஸ்னு சாயம் முக்கி விக்கிறாங்கள்ல, அது பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகத்துல வேணாம்னு ஒதுக்குன சேவக்குஞ்சு. பிள்ளைக அழுதாலும் அத வாங்கிட்டு முட்டைக்கு காத்திருக்காதீங்க.