நகராட்சி இல்லாத ஊர் என்றால் என்ன? ஆம்பாயின் கதை

அமெரிக்காவில் சில ஊர்களுக்குப் பெயர் உண்டு, வரைபடத்தில் இடம் உண்டு, ஆனால் மேயரோ நகராட்சியோ இல்லையே, ஏன் என்று பலர் கேட்கிறார்கள். இவை தனி நகராட்சியாகப் பதிவு பெறாத ஊர்கள். சாலை, காவல் எல்லாம் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) நிர்வாகத்தின் பொறுப்பு. தனிக்குடித்தனம் போகாமல் கூட்டுக் குடும்பத்தின் ஒரே அடுப்பில் சாப்பிடுவது போல.

பெரும்பாலும் காரணம் ஆள்பலமோ வரி வருமானமோ போதாததுதான். கலிபோர்னியாவில் புது நகராட்சி அமைக்கக் குறைந்தது 500 வாக்காளர்களாவது வேண்டும்.

அதே மாநிலத்தின் மொஹாவி பாலைவனத்தில் உள்ள ஆம்பாய் என்ற சிற்றூருக்கு அது எட்டாத கணக்கு. 1883இல் ரயில் பாதை போட்டபோது நிலையங்களுக்கு ஆங்கில அகரவரிசையில் பெயர் வைத்தார்கள்: ஆம்பாய், பிரிஸ்டல், கேடிஸ், டான்பி என்று. 1926இல் ரூட் 66 நெடுஞ்சாலை வந்தது. 1938இல் ராய் க்ரௌல் அங்கே பெட்ரோல் பங்க் திறந்தார். அப்புறம் உணவகம், மோட்டல், 1959இல் வானைக் குத்தும் சிவப்பு அம்புக்குறிப் பலகை. சுற்றிலும் வெறும் மணல். வண்டிகளை நம்பியே ஊர் வாழ்ந்தது. 1970களின் தொடக்கத்தில் ஐ-40 விரைவுச்சாலை வடக்கே விலகிப் போனதும் வியாபாரம் படுத்துவிட்டது. 2005இல் ஆல்பர்ட் ஒகுரா என்ற உணவகத் தொழிலதிபர் ஊரையே 4,25,000 டாலருக்கு வாங்கினார். பாழாய்ப் போகவிருந்த ஓர் ஊரைக் காப்பாற்றிய செயல் அது என்றே சொல்வேன்.

நகராட்சி இல்லாவிட்டால் அது குக்கிராமம்தான் என்று நினைப்பது தவறு: 1 லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸுக்கும் தனி நகராட்சி கிடையாது.