பூவா தலையா போடுவதற்கு முன்
வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், வார இறுதிக் கிரிக்கெட் போட்டிகளில் எழும் சச்சரவுகளைப் பற்றி ஒரு வாசகருக்கு நான்கே வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிகளுக்கு வந்த கடிதங்களைப் பார்த்தபோது, சனி ஞாயிறுகளில் நம் மலேசிய மக்கள் கோவிலுக்கு அடுத்தபடியாகத் திடலில்தான் கூடுகிறார்கள் போலும் என்று தோன்றியது. ஆகவே இவ்விதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன். நான் பெயர் சொல்லும்படியான ஆட்டக்காரன் அல்லன். நடுவராகவும் ஓட்டக் கணக்கு எழுதுபவனாகவும் பல ஆண்டுகள் திடலோரம் வெயில் காய்ந்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

பூச்சோங் வாசகர்: எங்கள் குடியிருப்பின் கிரிக்கெட் கழகம் எட்டுக் குழுக்களை அழைத்து, இரண்டு நாள்களில் பத்து ஓவர் போட்டி நடத்த எண்ணியுள்ளது. திடல் ஒன்றுதான். இரண்டு பிரிவாக்கி, ஒவ்வொரு குழுவும் தன் பிரிவிலுள்ள மூன்று குழுக்களுடனும் ஆடட்டும் என்கிறார் செயலாளர். நேரம் போதுமா ஐயா?

போதாது. நான்கு குழுக்கள் கொண்ட ஒரு பிரிவில் 6 ஆட்டங்கள். இரண்டு பிரிவுகளுக்கு 12. அரையிறுதிகளையும் இறுதியையும் சேர்த்தால் 15. பத்து ஓவர் ஆட்டம் ஒன்று, குழுக்கள் மாறும் நேரத்தையும் பந்தைத் தேடும் நேரத்தையும் சேர்த்து, எப்படியும் ஒன்றரை மணி நேரத்தை விழுங்கிவிடும். ஆக, உங்களுக்குத் தேவைப்படுவது இருபத்திரண்டரை மணி நேரம். காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை ஏழு மணி வரை, சாப்பாட்டுக்குக்கூட நிறுத்தாமல் ஆடினாலும் இரண்டு நாள்களில் கிடைப்பது 22 மணி நேரம். மழையே பெய்யாத ஊரில்கூட இந்தத் திட்டம் நிறைவேறாது.

செயலாளரின் எண்ணம் நல்லதுதான். தூரத்திலிருந்து வரும் குழு ஒரே ஆட்டத்தில் தோற்றுவிட்டு வேனில் ஏறிப் போகக் கூடாது என்று அவர் நினைக்கிறார். அதற்கு வேறு வழி உண்டு. முதல் சுற்றை வெளியேற்றும் ஆட்டங்களாக வைத்து, அதில் வென்ற நான்கு குழுக்களை முதல் கிண்ணத்துக்கும், தோற்ற நான்கு குழுக்களை இரண்டாம் கிண்ணத்துக்கும் மோத விடுங்கள். முதல் சுற்றில் 4, கிண்ணத்துக்கு மூன்றாக 6, மொத்தம் பத்தே ஆட்டங்கள். எந்தக் குழுவும் இரண்டு ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடாது. நாளுக்கு ஐந்து ஆட்டங்கள் என்றால் எட்டு மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் மூன்றரைக்குள் முடிந்துவிடும்.

அந்த மூன்றரை மணிதான் முக்கியம். கிள்ளான் பள்ளத்தாக்கில் காலை வெயிலில் தரை சூடேறி, காற்று மேலெழுந்து, பிற்பகலில் இடியுடன் கொட்டுவது நமக்குத் தெரியாததன்று. ஏப்ரல் மாதத்திலும், அக்டோபர், நவம்பரிலும் இது ஏறத்தாழ நாள்தவறாமல் நடக்கும். 1982 ஜனவரி முதல் நாளில் நம் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததால் மாலையில் ஏழு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கிறது; ஆனால் அந்த வெளிச்சத்தை நம்பி இறுதியாட்டத்தை ஐந்து மணிக்கு வைக்கும் கழகங்கள், பரிசுக் கிண்ணத்தைக் கூடாரத்துக்குள் நனையாமல் காப்பதிலேயே மாலையைக் கழிக்கின்றன. சிறப்பு விருந்தினர் மாலையில்தான் வருவார் என்றால், ஆட்டம் முடிந்த பிறகு பரிசு கொடுக்க வரட்டும்.

கிள்ளான் வாசகர்: சென்ற மாதம் இறுதியாட்டத்தில் நாங்கள் பத்து ஓவரில் 84 எடுத்தோம். எதிரணி ஆறு ஓவரில் 52 எடுத்திருந்தபோது மழை வந்தது. ஓவருக்கு எத்தனை ஓட்டம் என்று கணக்கிட்டு அவர்களுக்கு வெற்றி என்றார்கள். இது நியாயமா?

அப்படித்தான் முடிவு செய்யப்படும் என்று ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொண்டிருந்தால் நியாயம். மழை வந்த பிறகு கூடாரத்துக்குள் நின்று முடிவு செய்திருந்தால் நியாயமன்று. நீங்கள் எடுத்தது ஓவருக்கு 8.4, அவர்கள் எடுத்தது 8.67. கணக்கு அவர்கள் பக்கம்தான். ஆனால் அவர்கள் எத்தனை விக்கெட் இழந்திருந்தார்கள் என்பதை நீங்களே எழுதவில்லை. சராசரிக் கணக்கின் ஓட்டை அங்கேதான் இருக்கிறது. பத்து ஓவருக்குப் பத்து விக்கெட்டைக் காப்பாற்றி ஆடுவது ஒன்று; ஆறே ஓவரில் அதே பத்து விக்கெட்டையும் செலவழிக்கலாம் என்று அடித்து ஆடுவது வேறு. வானம் கறுத்திருக்கும் நாளில் பூவா தலையாவில் வென்ற தலைவர், கண்ணை மூடிக்கொண்டு எதிரணியை முதலில் ஆடச் சொல்வது இதனால்தான்.

பெரிய இடங்களிலும் இது எளிதாகத் தீர்ந்துவிடவில்லை. 1992 மார்ச் 22ஆம் நாள் சிட்னியில் நடந்த உலகக் கிண்ண அரையிறுதியில், தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்துகளில் 22 ஓட்டங்கள் தேவைப்பட்ட நிலையில் மழை பெய்தது. மீண்டும் களமிறங்கியபோது ஒரே பந்துதான் மிச்சம். அந்த அவமானத்துக்குப் பிறகுதான் ஓவரோடு விக்கெட்டையும் சேர்த்து எடைபோடும் டக்வொர்த் – லூயிஸ் முறை 1997இல் அனைத்துலக ஆட்டங்களுக்கு வந்தது. கேரளப் பொறியாளர் ஜெயதேவன் வகுத்த இன்னொரு முறையும் உண்டு. தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் பயன்படுவது அதுதான்.

திடலோரத்தில் உங்களுக்கு இவ்வளவு கணக்கு வேண்டியதில்லை. இரண்டாவதாக ஆடும் அணி ஐந்து ஓவர் முடித்திருக்காவிட்டால் முடிவில்லை, முடித்திருந்தால் சராசரி, ஆனால் ஐந்து விக்கெட்டுக்கு மேல் இழந்திருந்தால் சராசரிக் கணக்கு செல்லாது. இப்படி மூன்று வரி எழுதி இரு தலைவர்களிடமும் கையொப்பம் வாங்குங்கள். முடிவில்லாத ஆட்டத்துக்கு, அணிக்கு ஐந்து பேர் ஆளில்லாத ஸ்டம்பை நோக்கிப் பந்து வீசட்டும். 2007ஆம் ஆண்டு இருபது ஓவர் உலகக் கிண்ணத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் சமநிலையில் முடித்த ஆட்டமே டர்பனில் அப்படித்தான் தீர்ந்தது. நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

ஒன்றில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை. மின்னலைக் கண்டு 30 வினாடிக்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்குள் விழுந்திருக்கிறது என்று பொருள். உடனே எல்லாரும் கட்டடத்துக்கோ வாகனத்துக்கோ போகவேண்டும். இரும்புக் கால் கூடாரமும் மரத்தடியும் ஒதுங்கும் இடங்கள் அல்ல. கடைசி இடி ஓய்ந்து அரை மணி நேரம் கழித்தே திரும்பவேண்டும்.

பந்திங் வாசகர்: எங்கள் திடலுக்குள்ளேயே ஒரு பெரிய மரம் நிற்கிறது. ஒரு பக்கம் கால்வாய், அதைத் தாண்டிச் செம்பனைத் தோட்டம். மரத்தில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடித்தால் ஆட்டமிழப்பா? கால்வாய்க்குள் போன பந்துக்கு எத்தனை ஓட்டம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. விதிப்படி, திடலுக்குள் நிற்கும் மரம் தானாக எல்லைக்கோடு ஆகிவிடாது. நடுவர்கள் பூவா தலையாவுக்கு முன் அப்படி அறிவித்தால்தான் ஆகும். அறிவிக்காவிட்டால் மரத்தில் பட்டு, தரையைத் தொடாமல் வரும் பந்தைப் பிடித்தால் மட்டையாளர் ஆட்டமிழக்கிறார். அறிவித்திருந்தால் பிடிக்கு மதிப்பில்லை, ஓட்டம்தான். இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரத் திடலுக்குள் நெடுங்காலம் ஒரு மரம் நின்றது. அதில் பந்து பட்டால் நான்கு என்று வைத்திருந்தார்கள். 2005 ஜனவரியில் புயற்காற்றில் அது முறிந்தபோது வேறொரு மரக்கன்றை நட்டார்களே தவிர, தொல்லை ஒழிந்தது என்று எண்ணவில்லை. நீங்களும் மரத்தை வெட்டச் சொல்லி நகராண்மைக் கழகத்துக்கு எழுதிவிடாதீர்கள்.

கால்வாயைப் பொறுத்தவரை, அதன் இக்கரையையே எல்லைக்கோடாக வைத்துவிடுவது உத்தமம். எல்லைக்குள் பந்து தொலைந்தால், முன்பெல்லாம் தடுப்பாளர் ‘பந்து தொலைந்தது’ என்று குரல் கொடுத்ததும் ஆறு ஓட்டங்கள் கிடைக்கும். 2017 அக்டோபரில் நடப்புக்கு வந்த விதித்தொகுப்பு அந்தத் தனி விதியை நீக்கிவிட்டது. இப்போது, பந்து கிடைக்காது என்று நடுவர் தீர்மானித்து ஆட்டத்தை நிறுத்தும் வரை ஓடி முடித்த ஓட்டங்களும், இருவரும் ஒருவரையொருவர் கடந்திருந்தால் அந்த ஓட்டமும் மட்டுமே சேரும். மாற்றுப் பந்து ஏறத்தாழ அதே அளவு தேய்ந்ததாக இருக்கவேண்டும் என்பதால், பழைய பந்துகள் இரண்டைப் பையில் வைத்திருங்கள்.

ஈப்போ சாலை வாசகர்: பன்னிரண்டு பேரை வைத்து ஆடலாமா?

இரு தலைவர்களும் ஒப்புக்கொண்டால் ஆடலாம். ஆனால் தடுக்கும்போது பதினொருவருக்கு மேல் களத்தில் நிற்கக் கூடாது.

செந்தூல் வாசகர்: பந்து வீசுவதற்கு முன்பே ஓட்டத்துக்காகக் கோட்டைத் தாண்டிய எதிர்முனை மட்டையாளரை எங்கள் பந்துவீச்சாளர் ஸ்டம்பைத் தட்டி வெளியேற்றினார். “இது பிள்ளை விளையாட்டா?” என்று பெரியவர்கள் திட்டுகிறார்கள்.

விதி உங்கள் பையன் பக்கம் இருக்கிறது. 1947 டிசம்பரில் சிட்னியில் இந்தியாவின் வினூ மன்கட் ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இப்படி வெளியேற்றிய நாள் முதல் இதற்கு ஒரு கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. 2019இல் தமிழ்நாட்டின் அஸ்வின் இங்கிலாந்தின் ஜோஸ் பட்லரை வெளியேற்றியபோதும் அதே வசைதான். முன்பு ‘முறையற்ற ஆட்டம்’ என்னும் பிரிவில் இருந்த இவ்விதியை 2022இல் சாதாரண ‘ரன் அவுட்’ பிரிவுக்கே மாற்றிவிட்டார்கள். பந்து கையை விட்டுப் போகும் முன்பே இரண்டடி களவாடுகிறவரை விட்டுவிட்டு, களவைத் தடுத்தவரைத் திட்டுவது எனக்கு ஒருபோதும் விளங்கியதில்லை. எனினும், உங்கள் தலைவருக்கு மனம் உறுத்தினால், அந்த மட்டையாளர் திடலை விட்டு வெளியேறும் முன் நடுவரின் இசைவோடு முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வழி உண்டு.

பட்டர்வொர்த் வாசகி: இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் குடியேறிய என் மகன், அங்குள்ள கழகத்தில் சனி, ஞாயிறு இரு நாளும் ஆடுவதாகவும், பிற்பகலில் தொடங்கி இரவு வரை ஆட்டம் நீள்வதாகவும் சொல்கிறான். நம்பலாமா?

தாராளமாக நம்பலாம் அம்மா. அங்கே ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பிற்பகல் ஒரு மணிக்குத் தொடங்கி, அணிக்கு நாற்பது ஓவர் ஆடி, நடுவில் தேநீருக்கும் அமரலாம். பெரும்பாலும் சனிக்கிழமை லீக் ஆட்டம், புள்ளிகளுக்காக, ஞாயிற்றுக்கிழமை நட்பாட்டம். கிராமத்துக் கழகங்கள் கிராமத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. 1972 முதல் நடக்கும் தேசியக் கிராமக் கிண்ணத்தின் இறுதியாட்டம் லண்டனின் புகழ்பெற்ற லார்ட்ஸ் திடலில் நடப்பது மரபு. முதல் ஆண்டில் அதை வென்றது கார்ன்வால் பகுதியின் டிரூன் என்னும் சிற்றூர். நம் நாட்டுக்கு இந்த ஆட்டம் வந்தது கிராமத்தின் வழியாக அன்று, 1884இல் தொடங்கிய சிலாங்கூர் கிளப் போன்ற வெள்ளைக்காரர் மன்றங்களின் வழியாக. அதனாலோ என்னவோ, தோட்டப்புறங்களில் காற்பந்து பிடித்த இடத்தைக் கிரிக்கெட்டால் பிடிக்க முடியவில்லை. உங்கள் மகனிடம் கம்பளிச் சட்டை ஒன்றை எடுத்துப் போகச் சொல்லுங்கள். அவர்களுடைய கோடை மாலை நம் கேமரன் மலையைப் போன்றது.

காஜாங் வாசகர்: மட்டைபிடிக்கும் அணியே நடுவரையும் தருவதால், காலில் பட்ட பந்துக்கு எவரும் ஆட்டமிழப்பதே இல்லை. என்ன செய்யலாம்?

அந்த நேரத்தில் ஓய்வாக இருக்கும் மூன்றாவது குழுவிலிருந்து இருவரை நடுவராக நிறுத்துவது முறை. அவர்களுக்கு மதியச் சாப்பாடு கழகத்தின் செலவில் இருக்கட்டும். அதற்கும் ஆள் கிடைக்காவிட்டால், நம் மலேசியப் பந்துவீச்சாளர் ஷஸ்ருல் இட்ருஸ் காட்டிய வழி இருக்கிறது. 2023 ஜூலை 26ஆம் நாள் பண்டமாரான் பாயுமாஸ் திடலில் சீனாவுக்கு எதிராக அவர் எட்டு ஓட்டங்கள் கொடுத்து ஏழு விக்கெட் எடுத்தார். ஆடவர் அனைத்துலக இருபது ஓவர் ஆட்டங்களில் ஒருவர் ஏழு விக்கெட் எடுத்தது அதுவே முதன்முறை. அந்த ஏழுமே ஸ்டம்பைச் சாய்த்து எடுத்தவை. எந்த நடுவரிடமும் ‘அவுட்’ என்று விரல் தூக்கச் சொல்லிக் கேட்கவேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை.