லெம்பர்கரோடு என்ன சாப்பிடலாம்?

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தம் ஸ்டுட்கார்ட் வந்திருக்கிறேன். கூட வேலை செய்பவர் ஒரு லெம்பர்கர் சிவப்பு ஒயின் பரிசாகத் தந்தார். லேபிளில் ‘ட்ரோக்கன்’ என்று இருந்தது. இரவில் ஒரு கிளாஸ் குடித்துப் பார்த்தேன். புளிப்பும் துவர்ப்பும்தான் தெரிந்தன. கெட்டுப்போன பாட்டிலா? எந்தச் சாப்பாட்டுக்குப் பொருந்தும்? மட்டன் சுக்காவோடு குடிக்கலாமா?

ர.

அன்புள்ள ர.,

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஒயின் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. பக்கத்தில் சாப்பாடுதான் இல்லை. ட்ரோக்கன் என்றால் இனிப்பில்லாத ஒயின். அந்த வகையில் பொதுவாக லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரைதான் இருக்கலாம். புளிப்பு போதிய அளவு இருந்தால் 9 கிராம் வரை விடுவார்கள். புளிப்பை மூடி மறைக்க இனிப்பு இல்லாததால் வெறும் வாயில் அது முன்னால் வந்து நிற்கிறது. கொழுப்பும் கிரேவியும் சேரும்போது அதே புளிப்பு வாயைச் சுத்தமாக்கி அடுத்த கவளத்துக்குத் தயார் செய்கிறது.

ஜெர்மனியின் லெம்பர்கர் திராட்சை அநேகமாக முழுவதும் நீங்கள் இருக்கும் வூர்ட்டம்பெர்க் பகுதியில்தான் விளைகிறது. ஆஸ்திரியாவில் இதே திராட்சைக்கு பிளாவ்ஃப்ரேன்கிஷ் என்று பெயர். மேற்கு ஜெர்மனியின் முதல் ஜனாதிபதி தியோடோர் ஹொய்ஸ், லெம்பர்கருக்குப் பேர்போன பிராக்கன்ஹைமில் பிறந்தவர். ஹைல்பிரோன் திராட்சை விவசாயிகளைப் பற்றி ஆராய்ந்துதான் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்த ஊர்களின் சமையலும் இந்த ஒயினும் சேர்ந்தே வளர்ந்தவை.

முதலில் ஸ்வீபல்ரோஸ்ட்பிராட்டன் சாப்பிடுங்கள். மாட்டிறைச்சித் துண்டை வாணலியில் சுட்டு, மேலே பொன்னிறமாக வறுத்த வெங்காயத்தைக் குவித்து, கிரேவியோடு தருவார்கள். வெங்காயத்தின் இனிப்பும் இறைச்சியின் கொழுப்பும் ஒயினின் துவர்ப்பை இளக்கிவிடும். செர்ரி வாசனையும் லேசான மிளகு வாசனையும் அப்போதுதான் மேலே வரும். எனக்கு இதைவிடப் பிடித்த ஜோடி இல்லை.

அடுத்தது, வினிகர் சேர்த்த பருப்பும் ஸ்பேட்ஸ்லே என்ற முட்டை நூடுல்ஸும் சாசேஜும். பருப்பிலேயே புளிப்பு இருப்பதால் புளிப்பு குறைந்த ஒயின்கள் அதன் முன்னால் சப்பென்று ஆகிவிடும். லெம்பர்கர் தாக்குப்பிடிக்கும். மான், காட்டுப்பன்றி இறைச்சியும் நன்றாகப் பொருந்தும். மாமிசம் வேண்டாமென்றால் சீஸ் போட்ட ஸ்பேட்ஸ்லே, காளான். மீன் வேண்டாம்.

சரி, மட்டன் சுக்கா. மிளகாய் தூக்கலாக இருந்தால் ஆல்கஹால் சுடும், துவர்ப்பும் கூடும். இரண்டுமே கெட்டுப்போகும். காரத்தை நன்றாகக் குறைத்து மிளகு வறுவலாகச் செய்தால் முயன்று பார்க்கலாம்.

இன்னொன்று, ஹீட்டர் ஓடும் அறையில் வைத்த பாட்டிலை அப்படியே ஊற்றாதீர்கள். அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். 16 டிகிரி சுமாராக இருந்தால் போதும்.

அப்புறம், வாசலில் துடைப்பம் தொங்கும் வீடுகளைத் தேடுங்கள். பேசன்விர்ட்ஷாஃப்ட் என்பார்கள். திராட்சை விவசாயிகள் வருடத்தில் நான்கு மாதம் வரை மட்டும், 40 இருக்கைக்கு மிகாமல், தங்கள் ஒயினையும் வீட்டுச் சாப்பாட்டையும் விற்கும் இடம். காது வைத்த கண்ணாடிக் குவளையில் கால் லிட்டர் தருவார்கள். பரிசளித்த நண்பரையே கூட்டிப்போகச் சொல்லுங்கள். எந்தத் துடைப்பம் எப்போது தொங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

திறந்த பாட்டிலில் மிச்சம் இருந்தால் இறைச்சி வேகும்போது ஊற்றிவிடுங்கள். சாப்பிடும்போது குடிக்கப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.