டெஸ்ட் டேட்டாபேஸ் அமைப்புகளை எங்கே, எப்படி வைப்பது?

கேள்வி: எங்கள் ஜாங்கோ (பைதானில் வெப்சைட் கட்டும் கட்டமைப்பு) புராஜெக்டில் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்கு இணைப்புகள் இரண்டு: எழுத 'டிஃபால்ட்', படிக்க அதன் நகலான 'ரெப்ளிகா'. டெஸ்ட் ஓடும்போது மட்டும் எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸுக்கு மாற, செட்டிங்ஸ் கோப்பில் ஒரு 'இஃப்' போட்டிருக்கிறோம். டெஸ்ட் டேட்டாபேஸுக்குப் பெயர் கொடுக்கும் பழைய 'டெஸ்ட்_நேம்' வரிகளும் கிடக்கின்றன. எப்படி ஒழுங்குபடுத்துவது?

பதில்: முதலில் அந்த 'இஃப்'பைத் தூக்குங்கள். கமாண்டில் 'டெஸ்ட்' என்ற சொல் வந்திருக்கிறதா என்று பார்க்கும் நிபந்தனை, பைடெஸ்ட் என்ற டெஸ்ட் ஓட்டும் கருவி வழியாக ஓட்டினால் வேலை செய்யாது. அதைவிடப் பெரிய தலைவலி எஸ்கியூலைட். 30 எழுத்து வரம்புள்ள ஃபீல்டில் 40 எழுத்தைச் சேமித்தால் அது முணுமுணுக்காமல் வாங்கிக்கொள்ளும். போஸ்ட்கிரஸ் பிழை காட்டி நிறுத்தும். டெஸ்ட் எல்லாம் பாஸ், லைவில் மட்டும் உடைகிறது என்ற புகாருக்கு இது போதும். டெஸ்டும் போஸ்ட்கிரஸிலேயே ஓடட்டும்.

இதற்காகத் தனி இணைப்பு எழுத வேண்டாம். ஜாங்கோவே பெயருக்கு முன் 'டெஸ்ட்_' சேர்த்துப் புது டேட்டாபேஸ் உருவாக்கி, மைக்ரேஷன் (டேபிள்களை அமைக்கும் படிகள்) ஓட்டி, முடிந்ததும் அழித்துவிடும். இணைப்பில் கொடுத்திருக்கும் போஸ்ட்கிரஸ் யூசருக்கு 'கிரியேட்டிபி' (டேட்டாபேஸ் உருவாக்கும்) உரிமை வேண்டும். இல்லையென்றால் டேட்டாபேஸ் உருவாக்க அனுமதியில்லை என்று முதல் படியிலேயே நின்றுவிடும்.

மாற்ற வேண்டியதை மட்டும் செட்டிங்ஸில் அந்தந்த இணைப்பின் அகராதிக்குள் (சாவி-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு), 'டெஸ்ட்' என்ற உள் அகராதியில் வையுங்கள். ஜாங்கோ 1.7 பதிப்பில் வந்த முறை இது. தனியாக நிற்கும் 'டெஸ்ட்_நேம்' போன்றவை 1.9-இல் நீக்கப்பட்டன. அவை இருந்தாலும் பிழை வராது, யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான். உள் அகராதியில் எழுத்துப்பிழை விட்டாலும் இதே கதை. ஆகவே மாற்றியதும் ஒருமுறை விவர நிலையைக் கூட்டி ஓட்டி, உருவாகும் டேட்டாபேஸின் பெயரைக் கண்ணால் பாருங்கள்.

'ரெப்ளிகா'வின் உள் அகராதியில் 'மிரர்' என்ற சாவிக்கு 'டிஃபால்ட்' என்று கொடுங்கள்; டெஸ்டில் ரெப்ளிகா இணைப்பும் டிஃபால்ட்டின் டேட்டாபேஸையே பார்க்கும். டெஸ்டில் ரெப்ளிகேஷன் (தரவு நகலாவது) நடக்காது; இந்த வரி இல்லாவிட்டால் ரெப்ளிகாவுக்கென வேறொரு காலி டேட்டாபேஸ் உருவாகி, எழுதியது எதுவும் அங்கே தெரியாது. மிரர் வைத்த பின்னும் ரெப்ளிகா காலியாகவே தெரிந்தால், டெஸ்ட்கேஸ் (ஜாங்கோவின் வழக்கமான டெஸ்ட் வகுப்பு) தான் எழுதியதை கமிட் ஆகாத, அதாவது இன்னும் உறுதியாகப் பதியாத டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்திருப்பதைச் சந்தேகியுங்கள். மற்ற இணைப்பின் கண்ணுக்கு அது படாது. அந்த வகுப்பை மட்டும் டிரான்சாக்‌ஷன்டெஸ்ட்கேஸாக மாற்றுங்கள், வேகம் குறையும். வகுப்பின் 'டேட்டாபேசஸ்' பட்டியலில் ரெப்ளிகாவையும் சேர்க்க மறக்காதீர்கள், இயல்பில் டிஃபால்ட் மட்டுமே அனுமதி.

உள் அகராதியில் 'நேம்' கொடுப்பது, பல பில்டுகள் (தானாக ஓடும் டெஸ்ட் ஓட்டங்கள்) ஒரே சர்வரில் மோதும்போது மட்டும் தேவை. பில்ட் எண்ணை என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்து எடுத்துப் பெயரின் கடைசியில் ஒட்டுங்கள். கோட் பிராஞ்சின் பெயரை ஒட்டாதீர்கள், அது நீண்டுவிடலாம்: போஸ்ட்கிரஸில் பெயருக்கு 63 பைட்தான் எல்லை. இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. இந்த 'நேம்' உண்மையான டேட்டாபேஸின் பெயராக இருந்துவிட்டால், ஏற்கெனவே இருக்கிறதே, அழிக்கவா என்று ஜாங்கோ கேட்கும். கேள்வி கேட்காதே என்று சொல்லும் 'நோஇன்புட்' கொடுத்து ஓட்டும் தானியங்கி பில்டில் கேட்காமலே அழித்துவிடும். லைவ் சர்வரின் பாஸ்வேர்டு டெஸ்ட் ஓடும் இடத்துக்கு எட்டவே கூடாது என்பது இதனால்தான்.

பிற்பாடு மூன்றாவது இணைப்பு ஒன்று அதே டேட்டாபேஸைக் குறித்தால், ஹோஸ்ட் (சர்வரின் முகவரி) எழுதும் விதத்தைக் கவனியுங்கள். ஹோஸ்ட், போர்ட், எஞ்சின், டெஸ்ட் பெயர் நான்கும் ஒன்றாக இருந்தால்தான் ஜாங்கோ இரண்டையும் ஒன்றெனக் கருதும். ஒன்றில் 'லோக்கல்ஹோஸ்ட்', மற்றதில் 127.0.0.1 என்றிருந்தால், இரண்டும் அதே கணினியைக் குறித்தாலும், இரண்டாவது முறையும் உருவாக்கப் போய், ஏற்கெனவே இருக்கிறது என்று முட்டி நிற்கும்.

ஒவ்வொரு முறையும் மைக்ரேஷன் ஓடுவது இழுத்தடித்தால், சொந்தக் கணினியில், டெஸ்ட் டேட்டாபேஸை அழிக்காமல் வைத்திருக்கும் 'கீப்டிபி' போட்டு ஓட்டலாம்.