நாய்க்கு எலும்பு என்றால் தவறா?

கேள்வி: 'பறவைக்குக் கூடு, நாய்க்கு எது?' என்று நாய்வீடு, எலும்பு, இன்னொரு நாய், பூனை ஆகிய நான்கு படங்களைக் காட்டினேன். பத்து வயதுப் பேரன் உடனே நாய்வீட்டைத் தொட்டான். ஐந்து வயதுப் பேத்தியோ ஒவ்வொரு முறையும் எலும்பையே தொடுகிறாள். இவளுக்கு யோசிக்கும் திறன் குறைவா?
- ஒரு பாட்டி

பதில்: அம்மா, எலும்பை அங்கே வைத்தது யார்? நீங்கள்தானே! 1990இல் உஷா கோஸ்வாமி, ஆன் பிரவுன் என்ற ஆய்வாளர்களும் இதே பொறியைத்தான் வைத்தார்கள். நான்கு வயதுக் குழந்தைகளில் பலர் தப்பினார்கள், சிலர் சிக்கினார்கள். உங்கள் பேத்தி சிக்கியவர்கள் கட்சி, அவ்வளவுதான்.

என் மகனின் ஐந்தாவது வயதில், "மேகம் ஏன் ஸ்பாஞ்சு மாதிரி?" என்று கேட்டேன். (டெட்ரே ஜென்ட்னர் என்ற உளவியலாளர் குழந்தைகளிடம் கேட்ட கேள்வி, திருடிக்கொண்டேன்.) "இரண்டும் மெத்தென்று இருக்கும்" என்றான். ஒன்பது வயதில் மறுபடி கேட்டபோது, "இரண்டும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பிறகு விடும். ஆனால் மேகத்தை யார் பிழிவது?" என்றான். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. முதலில் தோற்றத்தைப் பிடிக்கும் மனம், பிறகு உறவைப் பிடிக்கிறது.

உங்கள் புதிரில் பேத்திக்கு இரண்டு வேலைகள். பறவை கூட்டில் வசிக்கிறது என்ற உறவை மனத்தில் நிறுத்தி, அதை நாயின் மேல் பொருத்த வேண்டும். அதற்குள் முந்திக்கொண்டு வரும் எலும்பையும் தடுத்து நிறுத்த வேண்டும். இரண்டு உறவுகளைச் சேர்த்து ஒப்பிடும்போது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணியின் நுனிப்பகுதி உழைக்கிறது. 6 முதல் 13 வயதுப் பிள்ளைகளை ஸ்கேன் செய்தபோது, பெரியவர்களைவிட அவர்களிடம் அந்தப் பகுதி தாமதமாகவே வேலையில் இறங்கியது. முன்மூளை முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும். பேரனையும் அதிகமாகப் புகழ்ந்துவிடாதீர்கள், அவனும் பாதி வழியில்தான் நிற்கிறான்.

இன்னொன்று: தெரிந்த விஷயத்தில் சின்னஞ்சிறுசுகளும் கெட்டி. 'சாக்லேட்டுக்கு உருகிய சாக்லேட், பனிமனிதனுக்கு?' என்றால் மூன்று வயதிலேயே பலர் சரியான படத்தைத் தொடுகிறார்கள். உருகுவது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியுமே!

எனவே எலும்புப் படத்தை எடுத்துவிட்டு, பறவை கூட்டில் என்ன செய்கிறது என்று அவள் வாயாலேயே சொல்லவைத்துவிட்டுப் புதிரைக் கேளுங்கள். அப்போது பூனையைத் தொட்டால் ஏன் என்றும் கேளுங்கள். அந்தப் பதிலை எனக்கு எழுதி அனுப்புங்கள்.